அரட்டைச் சேவையகத்துக்கு டிஎல்எஸ்: ஓர் இறுதியாண்டுச் செயல்திட்ட அனுபவம்

முதுநிலைக் கணினிப் பயன்பாட்டியல் இறுதியாண்டில், வெப்சாக்கெட் (உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே இருபுறமும் செய்தி செல்லத் திறந்தே இருக்கும் இணைப்பு) வழியே இயங்கும் உடனடி அரட்டைச் சேவையகம் ஒன்றைச் செயல்திட்டமாகச் செய்தேன். நிரல் எழுதியதைவிட இணைப்பை டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையால் மறையாக்கம் செய்யவே, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றவே, அதிக நாள்கள் பிடித்தன. வாய்மொழித் தேர்விலும் கேள்விகள் அதைச் சுற்றியே வந்தன.

என் கணினியில் நன்றாக ஓடிய அரட்டை, பக்கத்தை டிஎல்எஸ் மறையாக்கம் உள்ள ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாற்றியதுமே நின்றுவிட்டது. மறையாக்கப்பட்ட பக்கத்திலிருந்து மறையாக்கமில்லாத 'டபிள்யூஎஸ்' வெப்சாக்கெட் முகவரியை அழைக்க உலாவி விடாது, மறையாக்கம் உள்ள 'டபிள்யூஎஸ்எஸ்' வேண்டும். அதற்குச் சேவையகத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் தேவை. நானே கையொப்பமிட்ட சான்றிதழை வைத்தபோது இணைப்பு, இயல்பற்ற முறிவைக் குறிக்கும் 1006 என்ற குறியீட்டுடன் முறிந்தது. சாதாரணப் பக்கமென்றால் உலாவி எச்சரித்துவிட்டுத் தொடர வழி கொடுக்கும். வெப்சாக்கெட்டுக்கு அந்த எச்சரிக்கைத் திரையே வராது. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு டொமைன் பெயரும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் வழங்கும் அமைப்பு தரும் இலவசச் சான்றிதழும் பெற்றுவிடுங்கள். உங்கள் சான்றிதழோடு, அதற்குக் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த முழுச் சங்கிலிக் கோப்பையே சேவையகத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கணினி உலாவியில் ஓடுவது ஆண்ட்ராய்டு செயலியில் ஓடாமல் போகலாம்.

டிஎல்எஸ் வேலையை, என் நிரலுக்கு முன்னால் நின்று இணைப்புகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளிடம் விட்டேன். வெப்சாக்கெட் இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல், நெறிமுறை மாறியது என்று சொல்லும் 101 என்ற பதிலோடு முடிய வேண்டுமானால், 'அப்கிரேடு', 'கனெக்‌ஷன்' ஆகிய இரு தலைப்புகளையும் பின்னாலுள்ள நிரலுக்குக் கடத்தும்படி அமைப்புக் கோப்பில் எழுதியாக வேண்டும். அதன் பிறகும், ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் இணைப்பு அறுந்தது. சான்றிதழில்தான் பிழை என்று இரண்டு நாள் அதையே துருவிக்கொண்டிருந்தேன். உண்மையில், பின்னாலிருந்து தரவு வர என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 60 நொடிதான். சேவையகம் 30 நொடிக்கு ஒருமுறை பிங் என்ற சிறு சோதனைச் செய்தியை அனுப்பும்படி செய்ததும் சரியானது.

தேர்வாளரின் முதல் கேள்வி, உலாவி அனுப்பும் செய்தியை வெப்சாக்கெட்டே மாஸ்க் செய்யும்போது, அதாவது ஒரு சாவியால் உருமாற்றும்போது, டிஎல்எஸ் எதற்கு என்பது. மாஸ்க் செய்யும் 4 பைட் சாவி செய்தி செல்லும் அதே சட்டகத்தில் (தரவுப் பொதியில்) வெளிப்படையாகவே செல்கிறது. மாஸ்க் என்பது இடையில் நின்று தரவைக் கடத்தும் ப்ராக்ஸி சேவையகங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் ஏற்பாடே தவிர, இரகசியம் காப்பதன்று. இதைச் சொன்னதோடு, வலையமைப்பில் செல்லும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற கருவியிலும் காட்டினேன்: டிஎல்எஸ் இல்லாத இணைப்பில் நான் தட்டிய 'ஹலோ' அப்படியே தெரிந்தது, டிஎல்எஸ் இணைப்பில் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற வரி மட்டுமே தெரிந்தது. முடிந்தால் நீங்களும் இதைத் தயாராக வைத்திருங்கள்.

அடுத்து, சேவையகத்தை நிர்வகிப்பவர் செய்தியைப் படிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன், ஏனெனில் டிஎல்எஸ் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது, அதன் பிறகு செய்தி மறையாக்கமின்றி நிரலுக்குச் செல்கிறது. நல்ல வேளையாக, அறிக்கையில் 'முனைக்கு முனை மறையாக்கம்' (பேசுபவர்கள் மட்டுமே படிக்க முடிவது) என்று எழுதியிருந்ததை முந்தைய வாரமே 'கடத்தல் மறையாக்கம்' (வழியில் செல்லும்போது மட்டும் காப்பது) என்று திருத்தியிருந்தேன்.