டிக்கெட்டில் இருந்த அந்த ஒற்றை எழுத்து

விமானத்தில் எகானமி என்றால் எகானமிதான் என்று 2023 வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெல்பர்னில் வீடு, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை சிட்னியில் வேலை. குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் அடிக்கடி பறப்போர் திட்டத்தில் உறுப்பினர். பாயின்ட் சேர்வது தெரியும். கடையில் கார்டைத் தேய்த்தாலும் அது சேரும். ஆனால் சில்வர், கோல்டு என்று நம் தகுதியை உயர்த்துவது பாயின்ட் அல்ல, ஸ்டேட்டஸ் கிரெடிட். அது வேறு கணக்கு. பெரும்பாலும் பறந்தால்தான் வரும். சில்வருக்கு 350, கோல்டுக்கு 700. அப்போது உறுப்பினர் ஆண்டு முடிந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

மெல்பர்ன்–சிட்னி மலிவு டிக்கெட்டுக்கு ஒரு வழிக்கு 10 கிரெடிட். தேதியை மாற்றிக்கொள்ள வசதியுள்ள ஃப்ளெக்ஸி டிக்கெட்டுக்கு 20, பிசினஸுக்கு 40. அலுவலகம் எடுத்துத் தருவது எப்போதும் மலிவுதான். 15 தடவை போய் வந்து 300 சேர்த்திருந்தேன். மீதி 50-ஐ சென்னைப் பயணம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். குவாண்டாஸும் இருக்கும் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியிலுள்ள இன்னொரு நிறுவனத்தில் டிக்கெட், குவாண்டாஸ் உறுப்பினர் எண்ணையும் கொடுத்தாயிற்று. அத்தனை தூரம் பறந்தால் 50 வராதா என்ன?

வரவில்லை. திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே 300.

எண் பதிவாகவில்லை போல என்று நினைத்து விடுபட்டதைக் கோரும் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். டிக்கெட் பிடிஎஃப்பைத் திறந்தபோதுதான், விமான எண்ணுக்குப் பக்கத்தில், முப்பது கிலோ லக்கேஜ் என்ற வரிக்கு மேலே, 'ஓ' என்ற ஆங்கில எழுத்து தனியாக நிற்பது கண்ணில் பட்டது. அதுவரை நான் பார்த்தது முப்பது கிலோவை மட்டும்தான்.

அது டிக்கெட்டின் விலைப் பிரிவைச் சொல்லும் எழுத்து. ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் மூன்று எழுத்தில் வந்திருக்கலாம். முழு விலை எகானமிக்கு 'ஒய்'. அதற்குக் கீழே பி, எச், கே, எம் என்று இறங்கிக்கொண்டே போகும். கீழே வரும் எழுத்துகளின் வரிசையை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். மலிவான எழுத்தில் கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவார்கள். அவை தீர்ந்தால் அடுத்த எழுத்து, அடுத்த விலை. கூட்டணி நிறுவனத்தில் பறந்தால் எந்த எழுத்துக்கு எவ்வளவு என்று குவாண்டாஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நான் பறந்த நிறுவனத்துக்கு நேரே என் எழுத்தே இல்லை. அதாவது பூஜ்யம். இன்னொரு சங்கதியும் அப்போதுதான் தெரிந்தது: ஒரே விமானத்துக்கு இரண்டு நிறுவனங்களின் விமான எண் இருந்தால், நம் டிக்கெட்டில் எந்த நிறுவனத்தின் விமான எண் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கிரெடிட். படிவத்தை மூடிவிட்டேன். யாரைக் குறை சொல்ல? விலையை மட்டும் பார்த்து எடுத்தவன் நான்தானே.

ஆண்டு முடிய ஆறு வாரம். கையில் இரண்டு சிட்னிப் பயணம், அதாவது நான்கு விமானம். மூன்று மலிவு, ஒன்று ஃப்ளெக்ஸி என்றால் சரியாக 50. ஆனால் ஒன்று ரத்தாகிப்போனால் கதை கந்தல். அதனால் இரண்டை ஃப்ளெக்ஸியாக எடுத்து, வித்தியாசத்தை என் பையிலிருந்து கட்டினேன். என் மனைவி ரசீதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு நாமே ஏர்போர்ட்ல மூணு வேளை சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். தப்பில்லை. சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்க விமான நிலையத்தில் இருக்கும் லவுஞ்ச் சில்வருக்கு ஆண்டுக்கு ஒரு தடவைதான் இலவசம். ஆனால் அவசரமாகச் சிட்னிக்கு ஓடும் காலையில் தனி வரிசையில் செக்-இன் செய்ய முடிவது எனக்குப் பெரிய விஷயம். தவிர, சில்வரைத் தக்கவைக்க மறு ஆண்டு 250 போதும். அது என் வழக்கமான சிட்னி ஓட்டத்திலேயே வந்துவிடும்.

360-இல் ஆண்டை முடித்தேன். அடுத்த முறை சென்னைக்கு டிக்கெட் கேட்டபோது, வழக்கமாக எடுத்துத் தரும் யாழ்ப்பாணத்துத் தம்பியிடம், "விலை இருக்கட்டும் தம்பி, எந்த எழுத்து?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "என்ன அண்ணை, சீட் நம்பரோ கேக்கிறியள்?"