பழைய ரோட்டில் நடந்து பழகியது

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த நான் திருமணமாகி இலங்கையின் ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் அப்பாயி 1974இல் இதே மலைகளிலிருந்து கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் வந்து, தாயகம் திரும்பியோருக்கென்று அரசு அமைத்த நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் அடங்கிய ஒருத்தியின் பேத்தி எதிர்த்திசையில் வந்து சேர்ந்திருக்கிறேன். அங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். இங்கே நான் இந்தியாப் புள்ள.

வதிவிட விசா கையில் வரும்வரை எந்த வேலைக்கும் போக முடியாததால் முதல் வருடம் முழுவதும் நடந்தே கழிந்தது. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால், மானாப் புல் மூடிய ஒரு தட்டையான பாதை மலையை அணைத்தபடி போயிற்று. ஒற்றையடிப் பாதைக்கு அது மிக அகலம். ரோடு என்று சொல்லவோ ஒரு வண்டித் தடமும் இல்லை. மேல்பக்கம் காரை பூசாமல் அடுக்கிய கல்சுவர், அதன் அடியில் மண் தூர்ந்த கான் (வடிகால்), கொஞ்ச தூரத்தில் நீரோடைக்கு மேல் கருங்கல் மதகு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்ட பிறகுதான், லொறி போன ரோடு அது என்று விளங்கிற்று. கொழுந்து பறிக்க ஆளில்லாமல் விடப்பட்ட ஓரத்துத் தேயிலைச் செடிகள் கவ்வாத்து காணாமல் மரமாகவே வளர்ந்து, வெள்ளைப் பூவை என் தலைக்கு மேலே உதிர்த்தன. தேயிலை தோட்டத்திலேயே வளர்ந்தவளானாலும் அதன் நிழலில் நான் நின்றது அன்றுதான்.

அட்டைகளைப் பற்றி எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மாமி ஒரு துண்டு சவர்க்காரத்தைக் கையில் திணித்துக் காலில் தேய்த்துக்கொண்டு போகச் சொன்னார். சோப்பு சவர்க்காரமானது, கற்பூர மரம் டர்பன்டைன் ஆனது, மைல் கட்டையானது எல்லாம் அந்த நடைகளில்தான். பேச்சு பழகுவதற்குக் கடைத்தெருவை விட ஆளற்ற ரோடு நல்லது என்பது என் எண்ணம். எதிர்ப்படும் ஒருவர் நின்று பேசாமல் போகமாட்டார். விறகு சுமந்து வரும் அக்காமார், இந்தப் பக்கம் ஏன் வந்தாய் என்பதில் தொடங்கி உன் அப்பாயி எந்தத் தோட்டம் என்பது வரை கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

பிறகு பழைய ரோடுகளைத் தேடி நடப்பது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. கண்டிக்குப் போகும் வழியில், கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து 1820களில் கேப்டன் டாசன் அமைத்த ரோடு இப்போது ஒரு சின்னத் துண்டாக எஞ்சியிருக்கிறது. விரிவாக்கப்பட்ட பெருவீதி பாறைக்கு வெளியே ஓடுகிறது. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான மத்திய அதிவேக வீதி, சுமார் 40 கிலோமீட்டர், 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. குருநாகலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது அதன் அருகிலும் நடந்து பார்த்தேன். தென்னந்தோப்புக்குள் வந்த ஊர்ப்பாதை ஒன்று உயர்ந்த மண்கரையில் முட்டி நின்றது. மறுபாதி எதிர்ப்பக்கம் அதே நேர்கோட்டில் தொடங்குகிறது. நடுவில் உள்ளதைக் கடக்க, கரைக்கு அடியில் விட்டிருக்கும் வழியைத் தேடிச் சுற்றிப் போக வேண்டும்.

அதிவேக வீதி இன்னும் மலை ஏறவில்லை. ஆனால் ரோடுகளைத் துண்டாக்கும் வேலையை இங்கே அணைக்கட்டுகள் முன்பே செய்துவிட்டன. 1980களில் விக்டோரியா அணை பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தது. அதற்கும் முன்பே, 1960களின் இறுதியில், மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா போய்விட்டது. இன்றைய நகரம் மேட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. அப்பாயி சொன்ன மஸ்கெலியா கீழே இருக்கிறது.

கடந்த மார்ச்சில் மழை பொய்த்து நீர் வற்றியபோது அங்கே போனேன். கைபேசி வரைபடத்தை நம்பி இறங்கியதில் ஒரு மணி நேரம் புதருக்குள் அலைந்து, கடைசியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர்தான் வழி காட்டினார். பழைய ரோடு, யாரும் கைவிடாதது போலவே, ஒழுங்காக வளைந்து ஏரிக்குள் இறங்கியது. தார் பெயர்ந்து சல்லி தெரிந்தது. அதன்மேல் காய்ந்து வெடித்த வண்டல் பாளம் பாளமாகக் கிடந்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. இருபுறமும் கடைகளின் அடித்தளக் கற்கள், அப்பால் சேறு பூசிய கோயில், இன்னும் தள்ளி விகாரையும் பள்ளிவாசலும் நின்ற இடங்கள்.

அப்பாயிக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். கோயிலைக் காட்டினேன், அவருக்குப் பிடிபடவில்லை. “மலைப்பக்கம் திருப்பு,” என்றார். சிவனொளிபாத மலையின் கூம்பு திரையில் வந்ததும், நான் நிற்பது தபால் கந்தோர் வாசல் என்று அடித்துச் சொன்னார்.

அருகில் நின்ற தாத்தா கைபேசிக்குள் எட்டிப் பார்த்து, “இல்லம்மா, இது பஸ் நிக்கிற எடம். கந்தோரு அந்தா, வளைவுக்கு அங்கிட்டு,” என்றார்.

“எந்த வளைவு? அந்த ரோட்டுல ரெண்டு வளைவு இருந்துச்சே,” என்றார் அப்பாயி.

தாத்தா கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, இரண்டாவது வளைவைக் காட்டுவதற்காகத் தண்ணீர் விளிம்பை நோக்கி நடந்தார். அது இன்னும் வெளியே வரவில்லை. அவர் விரலை நீட்டி ஏரிக்குள் சுட்டிக்கொண்டிருந்தார். மாடுகளை நான் பார்த்துக்கொண்டேன்.