ஏ.சி. பம்ப்

பெப்ரவரி 6

லிந்துலை தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பன்னிரண்டு மூட்டை லீக்ஸ். முதலில் இருமியது, அப்புறம் மூச்சை விட்டது. நானுஓயா பக்கமிருந்து இறங்கிய பஸ்காரர் ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

பொனட்டைத் திறந்து, சாக்கை நனைத்து, எஞ்சினுக்குப் பெற்றோல் இழுத்துக் கொடுக்கும் பம்பின் மேல், எங்கள் ஊரில் 'ஏ.சி. பம்ப்', போட்டேன். அப்பா காலத்து வைத்தியம். உயரம் கூடக்கூட காற்றழுத்தம் குறையும், சூடான பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். நுவரெலியாவில் தண்ணீரே சுமார் 94 பாகையில் கொதித்துவிடுகிறது, பெற்றோலைக் கேட்கவா வேண்டும்? இருபது நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. வெயில்தான் காரணம் என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்து, ஒயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஒயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஐம்பது வயதை நெருங்கும் டட்சன் 1200, இன்னும் ஒயில் குடிப்பதில்லை என்று இரவு மச்சானிடம் பெருமையடித்தேன்.

பெப்ரவரி 9

விடியற்காலைக் குளிரிலும் அதே ஏற்றத்தில் அதே இருமல். பனிமூட்டத்தில் எங்கே வெயில்?

கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, 'இனி பறக்கும்' என்றார். மட்டமான ரோட்டில் பறக்கத்தான் செய்தது.

பெப்ரவரி 12

பறக்கவில்லை. பாதி ஏற்றத்திலிருந்து திரும்பி வந்தேன்.

அப்பா தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது முழங்கால் வலி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே வேலை வாங்குவார். 'டிப்ஸ்டிக்கை எடுத்துட்டு வா' என்றார். மேல் கோட்டுக்கு ஒரு விரல் உயரத்துக்கு ஒயில் நின்றது. தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், என் மூக்கிலும் நீட்டினார். பெற்றோல்.

'ஒயில் குறையலன்னு சந்தோசப்பட்டியே, கூடியிருக்கே, அத பாக்கலயா?'

பார்க்கவில்லை. குறைகிறதா என்று மட்டுமே பார்க்கப் பழகிய கண்.

இந்த 1171 சீசீ எஞ்சினில் மேடுகள் வைத்த தண்டான கேம்ஷாஃப்ட் சுற்றும்போது பம்பின் கையைத் தள்ளும். பம்புக்குள்ளே இருக்கும் டயஃபிரம் என்ற ரப்பர் சவ்வு கீழே இறங்கி டாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும், ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக் கார்பரேட்டருக்கு அனுப்பும். டயஃபிரம் கிழிந்தால் மேலே போகவேண்டியது கீழே எஞ்சினுக்குள் வடியும். ஏற்றத்தில் பெற்றோல் நிறையத் தேவைப்படும் நேரத்தில் போதாமல் போகும். அதோடு ஒயிலும் நீர்த்து, பேரிங்கைத் தின்றுவிடும்.

உறுதி செய்ய, தீப்பொறி வராதபடி கொயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைப் போத்தலில் விட்டு செல்ஃப் அடித்தேன். பீச்சியடிக்க வேண்டியது குழந்தையின் வாயோரத்து எச்சில்போல வழிந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து லயத்து அண்ணன் பீடியோடு வந்தார். அப்பா போட்ட சத்தத்தில் பீடி மட்டுமல்ல, அண்ணனும் மறைந்துவிட்டார்.

பெப்ரவரி 14

புது பம்ப் தலவாக்கலையில் இல்லை. ஹட்டனில் இரண்டு கடை ஏறினேன். நான் 'ஏ.சி. பம்ப்' என்றதும் ஒரு பையன் வண்டிக்கு ஏசி இருக்கிறதா என்று கேட்டான். குளிரூட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அல்பர்ட் சாம்பியன் என்றவரின் முதலெழுத்துகள் அவர் தொடங்கிய கம்பெனிக்குப் பெயராகி, எங்கள் ஊர்களில் இந்தப் பம்புக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. பழைய ஆட்களிடம் 'ஃபியூவல் பம்ப்' என்றால்தான் விழிப்பார்கள்.

கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்கு வட்ஸப்பில் படம் அனுப்பினேன். புதுசு இருக்கிறதாம். பம்புக் கையின் வளைவு தெரியும்படி இன்னொரு படம் கேட்டார்கள். நல்ல கடை.

பெப்ரவரி 17

பார்சல் நேற்றிரவு பஸ்ஸில் வந்தது. காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கினேன். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, டாங்கியிலிருந்து வரும் ஹோஸைப் பிடுங்கி, வாயில் போல்ட் ஒன்றைச் செருகி அடைத்தேன். இல்லாவிட்டால் டாங்கியே காலடியில் வடிந்துவிடும்.

பம்பைப் பிடித்திருப்பது இரண்டே நட். ஆனால் நடுவிலுள்ள சூடு தடுக்கும் கட்டையும் கேஸ்கெட்டும் எஞ்சினோடு ஒன்றாகிப்போயிருந்தன. துண்டுகள் உள்ளே விழாமல் ஓட்டையில் துணி அடைத்துக்கொண்டு பிளேடால் சுரண்டவே ஒரு மணித்தியாலம் போனது.

புதியது உட்கார மறுத்தது. நட்டை இறுக்கியே இழுத்துவிடலாம் என்று ஸ்பெனரைப் போட்டேன்.

'அலுமினியம்டா அது! காது ஒடஞ்சா இன்னொரு பார்சல் வரும்.'

கேமின் மேடு சரியாகக் கைக்கு எதிரே நின்றிருக்கிறது. கிராங்க் புல்லியில் ஸ்பெனர் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் சுற்றியதும் பம்ப் தானாகவே போய்ப் பொருந்தியது. அப்பா வாசலிலிருந்து இறங்கவே இல்லை.

பழைய ஒயிலை வடித்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஓடியது. புது ஒயில், புது ஒயில் ஃபில்டர். விட்டுவிட்டு மூன்று தடவை செல்ஃப் அடித்த பிறகு பிடித்தது. எங்கும் கசிவில்லை.

பெப்ரவரி 18

பதினான்கு மூட்டை. லிந்துலை, நானுஓயா, நுவரெலியா, எங்கும் நிற்கவில்லை. கராஜ் பாஸைப் பார்த்தபோது கை காட்டினேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 27

டிப்ஸ்டிக் பார்த்தேன். ஒயில் மேல் கோட்டிலிருந்து கால்வாசி இறங்கியிருக்கிறது. கீழே கசிவில்லை. அப்படியென்றால் எஞ்சின் ஒயில் குடிக்கத்தான் செய்கிறது. எத்தனை மாதமாகவோ, குடித்ததைப் பெற்றோல் ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். 'அப்ப சரி' என்றார்.

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.