தொக்பொக்கி: குழம்பு தயார், உருளைதான் பாக்கி

அரிசிமாவு உருளைகளைக் குழம்பில் போட்டுச் செய்யும் கொரியப் பண்டம் தொக்பொக்கி. அந்த ஆசை இன்னும் அடங்கவில்லை. குழம்பு கைக்கு வந்துவிட்டது. இழுபறியெல்லாம் அந்த அரிசி உருளையோடுதான்.

குழம்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நெத்திலிக் கருவாட்டின் தலையையும் வயிற்றையும் கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு துண்டு கெல்ப் கடற்பாசியோடு கொதிக்கவிட்டு வடிகட்டிய தண்ணீர். அதில் கோச்சுஜாங் (புளிக்கவைத்த கொரிய மிளகாய் விழுது), கொஞ்சம் கொரிய மிளகாய்த்தூள், சர்க்கரை. சர்க்கரையைப் பார்த்துப் பயந்து குறைக்க வேண்டாம், இனிப்பு முன்னால் வந்து காரம் பின்னால் ஏறுவதுதான் இதன் குணமே.

உருளைக்குக் கொரியாவில் காரேதொக் என்று பெயர். அந்த இழுவையைப் பார்த்தால் பசையரிசி என்றுதான் தோன்றும். ஆனால் இது நாள்தோறும் சாதம் வடிக்கும் குட்டை அரிசியில் செய்வது. இழுவை வருவது இடிப்பதால். 2 கப் மாவுக்கு முக்கால் கப் கொதிநீர், ஒரு டீஸ்பூன் உப்பு. பிசிறிவிட்டு 20 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு அடித்துப் பிசைய வேண்டும். கை பொறுக்காது. சீக்கிரம் நிறுத்தினால் உருளை வாயில் உதிர்கிறது. விடாமல் அடித்தால் மாவு வழவழவென்று மாறி, கடித்தால் பல்லை எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்புக்காகத்தான் இவ்வளவு பாடும்!

செய்து மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல் மாதிரி ஆகிவிடும். மாவுச்சத்து இறுகுவதுதான் காரணம், கெட்டுப்போகவில்லை. கொதிநீரில் போட்டால் மறுபடி இளகிவிடும்.

அப்புறம், சிவப்பு இல்லாத தொக்பொக்கியும் செய்து பார்த்தேன். சோயா சாஸ், மாட்டிறைச்சி, காய்கள் சேர்த்த அரண்மனை வகை இதுதான், காரத்துக்கு முந்தையது. கோச்சுஜாங் போட்டதை 1953-இல் சியோலின் சின்டாங்-டோங் பகுதியில் மா போக்-ரிம் என்ற பெண்மணி விற்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். சோயா வகையில் உருளையின் குறை மறையவே மறையாது. காரம் எவ்வளவோ மன்னித்துவிடுகிறது, சோயா மன்னிப்பதில்லை. என் உருளையின் நடுவில் இன்னும் லேசாக மாவு நறநறக்கிறது. அடுத்த முறை கையை நம்பாமல் உரலில் இடித்துப் பார்க்கப் போகிறேன்.

கோச்சுஜாங் டப்பா பாதி மிச்சம் இருக்கிறது. புதுச் சமையலில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஒரு பண்டத்துக்காக வாங்கிய டப்பா அடுத்த பண்டத்தைத் தேட வைக்கும். வரிசையில் இப்போது கிம்ச்சி ஜிகே நிற்கிறது, கிம்ச்சி என்ற கொரியப் புளித்த காய் ஊறுகாயைப் போட்டுக் கொதிக்கவைக்கும் குழம்பு. அதற்கு நன்றாகப் புளித்த கிம்ச்சி வேண்டும். ஜாடியில் இருப்பதற்கு இன்னும் பச்சை வாசமே போகவில்லை.