லிங்கோமைசினும் பச்சைப்பாசியின் பழுதுபார்ப்பும்

வளர்ப்புக் குடுவையில் பாக்டீரியா புகுந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் சேர்த்து அதை ஒழிப்பது பாசி ஆய்வகங்களில் வழக்கமான வேலை. கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசிக்கு லிங்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து அதன் வளர்சிதை மாற்றத்தைக் கவனிக்கும் பணியில் இறங்கிய பிறகு, அந்த வழக்கத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாசியின் பசுங்கணிகம் ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவின் வழித்தோன்றல்; அதனுள் இன்றும் பாக்டீரியாவுக்குரிய 70எஸ் வகை ரைபோசோம்களே (புரதம் கட்டும் துகள்கள்) இயங்குகின்றன. லிங்கோமைசின் அவற்றை முடக்குகிறது. சைட்டோபிளாசத்தின் 80எஸ் ரைபோசோம்களைத் தொடுவதில்லை. ஆகவே செல் உடனே சாவதில்லை. பசுங்கணிகத்துக்குள் உருவாகவேண்டிய புரதங்கள் மட்டும் உருவாகாமல் போகின்றன. அவற்றுள் முதலில் சொல்லவேண்டியது ஒளிச்சேர்க்கையில் ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கும் இரண்டாம் ஒளி அமைப்பின் டி1 புரதம். ஒளி பட்டுக்கொண்டிருக்கும் வரை டி1 சிதைந்துகொண்டே இருக்கும், செல்லும் அதைப் புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். மருந்து டி1 புரதத்தைச் சிதைப்பதில்லை, மாற்று வருவதைத்தான் தடுக்கிறது.

இதனால் மருந்தின் அளவைப் போலவே விளக்கின் வெளிச்சமும் முடிவைத் தீர்மானிக்கிறது. இரண்டாம் ஒளி அமைப்பின் நலத்தைக் காட்டும் பச்சைய ஒளிர்வு விகிதம் நலமான செல்களில் 0.7 அளவில் நிற்கும்; அது, ஒரே அளவு மருந்தில், கடும் ஒளியில் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடுகிறது. மங்கிய ஒளியில் மெதுவாகவே இறங்குகிறது. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சேர்க்கும் ரூபிஸ்கோ நொதியின் கதை வேறு: அதன் பெரிய துணையலகு பசுங்கணிகத்திலும் சிறிய துணையலகு சைட்டோபிளாசத்திலும் உருவாவதால், பெரியது வராதபோது, துணையின்றி வந்து சேரும் சிறியதையும் செல் சிதைத்துவிடுகிறது. செல்லின் உட்கருவிலுள்ள மரபணுவிலிருந்து பிறந்த புரதமும் இப்படி வீணாவதுதான் இந்தப் பணியில் என்னை மிகவும் வியக்கவைத்தது.

அசிடேட் கலந்த ஊடகத்தில் இந்தப் பாதிப்பு எளிதில் கண்ணில் படாது. ஒளிச்சேர்க்கை குன்றினாலும் அசிடேட்டைக் கொண்டு கிளமிடோமோனாஸ் வளரக்கூடியது என்பதால், ஆக்சிஜன் வெளியீடு வெகுவாகக் குறைந்த குடுவையிலும் தொடக்கத்தில் செல் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கலாம். பாசிகளுக்கான வழக்கமான 72 மணி நேர நச்சுச் சோதனை கனிம உப்புகள் மட்டுமே கொண்ட ஊடகத்தில் நடப்பது நல்லதே. ஆயினும் அது அளப்பது வளர்ச்சியை மட்டும்தான். ஆன்டிபயாட்டிக்குகளைப் பொறுத்தவரை, குறைந்தது இரண்டு ஒளி அளவுகளில் பச்சைய ஒளிர்வையும் சேர்த்து அளக்காமல் ஒரு மருந்தைப் பாசிக்குத் தீங்கற்றது என்று எழுதக்கூடாது என்றே கருதுகிறேன்.