பங்கருக்குள் கருவாடு

பெப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. ரெஸ்ரோறண்ட் குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு நிற்கிறேன். திடீரென்று ஊர் முழுக்கச் சைரன் ஏறி இறங்கி ஊளையிடத் தொடங்கியது. கையில் கத்தி இருக்க, கால் தன்பாட்டில் சுவர் மூலைக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற சமையல்காரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் சரி என்பதுபோல ஒரு தலையாட்டு. அவ்வளவுதான்.

சுவிஸில் என்னுடைய முதல் குளிர்காலம் அது. நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட சைரன்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஊதிப் பார்ப்பார்கள் என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சைரன் ஊத ஆள் கிடையாது. நாய்தான் சைரன். அது முனகிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே நுழைந்தால் அம்மா அடுப்பில் இருக்கிறதை இறக்கி வைப்பா. கொஞ்ச நேரத்தில் வானத்தில் பொம்மர் விமானம் இரையும்.

சைரனைக்கூட மறந்துவிடலாம். நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குக் கீழே இருந்ததைத்தான் மறக்க முடியவில்லை. வீடு காட்ட வந்த பராமரிப்பாளர், உடுப்புத் தோய்க்கிற அறை, சைக்கிள் விடுகிற இடம் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியாக ஒரு கதவைத் தள்ளினார். ஒரு சாண் கனத்துக்குக் கொங்கிறீற். உள்ளே காற்றை வடிகட்ட ஒரு இயந்திரம், மின்சாரம் நின்றால் கையால் சுற்ற ஒரு பிடி. குடியிருக்கிற ஆட்கள் எல்லோருக்கும் தலைக்கு ஒரு சதுர மீற்றர் இடம். 1963இல் கொண்டுவந்த சட்டத்தின்படி கட்டியதாம். பங்கர்! குண்டு விழுந்தால் பதுங்குகிற இடம்.

உள்ளே என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பனிச்சறுக்கு மட்டைகள், வைன் போத்தல்கள், யாருடையதோ நத்தார் மரம். சண்டையே பிடிக்காத நாட்டில் இப்படி ஒரு பங்கர். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

எங்கள் பங்கரை அப்பாவும் மாமாவும் வெட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால், பலாவுக்கும் கிணற்றுக்கும் இடையில். மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேலே மண்மூட்டை. அம்மாவின் பழைய சேலைகளைத் தைத்து மண்மூட்டை ஆக்கியதால் எங்கள் பங்கருக்கு அரக்குக் கரையும் இருந்தது, மாம்பழ மஞ்சளும் இருந்தது. 'ட' எழுத்து மாதிரி மடக்கி வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் வாசலில் விழுகிற குண்டின் சிதறல் உள்ளே இருக்கிறவரைத் தேடி வரும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். மாரி வந்தால் முழங்கால் அளவு தண்ணீர். வெளியே ஷெல், உள்ளே தண்ணிப்பாம்பு. எது பரவாயில்லை என்று அம்மம்மா வாசலில் நின்றே தீர்மானிப்பா. பல நாட்கள் அவவுக்கு ஷெல்தான் பரவாயில்லை.

1990 ஜூனில் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது மின்சாரம் போனது. பிறகு சோப், பற்றரி, எரிபொருள், சீமெந்து என்று அரசாங்கத்தின் தடைப் பட்டியல். யுத்தம் என்றால் வெடிச்சத்தம் என்று பிறத்தியார் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது முக்கால்வாசி நேரம் குசினிக்குள்ளும் கிணற்றடியிலும்தான் நடந்தது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம். பிழிந்து தேய்த்தால் நுரை வரும், அழுக்கும் போகும், ஆனால் பள்ளிக்கூடச் சட்டையில் அந்த மணம் மட்டும் போகாது. சீனி இல்லாத தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்வோம். பனைமரம் மட்டும் இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் அந்த ஐந்து வருஷத்தைத் தாண்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

விளக்குச் செய்கிற விதம் இன்னும் கைக்குத் தெரியும். ஜாம் போத்தலுக்கு அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக்குள்ளால் நுழைத்த நூல்தான் திரி. சுடர் நெல்மணி அளவுதான் இருக்கும். அதைச் சுற்றி நாலு புத்தகம், நாலு தலை. முன்மயிர் கருகின மணம் வந்தால் யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம். கார்கள் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின, பின்னால் வெண்புகை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். பிபிசி தமிழோசை கேட்க அப்பா சுற்றுவார். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் காம்பிங் போன கதை கேட்பதுபோல ரசிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் எங்கள் ஊர்களில் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் சில மணித்தியாலத்தில் துரத்தியதையும், சோனகத் தெருவில் சைக்கிளுக்கு வால்வு வாங்கின கடை ஒரே நாளில் வெறும் பலகையாகிப் போனதையும் அவ்வளவு ரசமாகச் சொல்ல வராது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த சனத்துக்குள் எங்களுடைய முறை வந்தது. அன்றைக்கு விட்டுவிட்டு வந்ததில் அந்தப் பங்கரும் ஒன்று.

இப்போது எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது. சிவப்புப் பாஸ்போட் இருக்கிறது. ரயில் மூன்று நிமிஷம் பிந்தினால் எனக்கும் முகம் கறுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெற்றுப் போத்தல் போடப் போகிறவரைப் பார்த்து முறைக்கிற அளவுக்கு நான் சுவிஸ்காரன். ஆனால் ஒரு தீக்குச்சியால் மூன்று இடத்தைப் பற்றவைக்கிற பழக்கம் போகவில்லை. அடுப்பு மின்சாரத்தில் எரிகிற வீட்டில் எதற்கு இவ்வளவு நெருப்புப்பெட்டி என்று மனைவி கேட்கிறா. அவ கொழும்பில் வளர்ந்தவ.

மூன்றாம் மாடியில் ஒரு மூதாட்டி, எண்பத்தைந்தைத் தாண்டியவர். அம்மாவோடு அவருக்கு ஒரு சிநேகிதம். இருவருக்கும் பொது மொழி கிடையாது. கேக்கும் வடையும்தான் போய்வரும். ஒருநாள் மொழிபெயர்க்க என்னை இருத்திக்கொண்டு அவர் தன் சின்ன வயதுக் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் இந்த நாடு சண்டை பிடிக்கவில்லை. ஆனாலும் ஆண்களை எல்லைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வயலும் மாடும் பெண்கள் தலையில். இரவில் விளக்கு வெளியே தெரியக் கூடாது. சூரிச் நகரத்துச் சதுக்கத்தையே கொத்தி உருளைக்கிழங்கு நட்டார்கள். கூப்பன் இல்லாமல் பல சாப்பாட்டுச் சாமான்கள் கிடையாது. பாணை அன்றைக்கே விற்கத் தடை. ஆறின பாண் என்றால் சனம் குறைவாகச் சாப்பிடும் என்று கணக்கு. எல்லாக் கூப்பனும் ஒழிய 1948 ஆனது.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "பாவம், இவையளும் பட்டிருக்கினம்" என்றா. பிறகு, "ஆனா சோப் இருந்திருக்கும் என்ன?" என்று என்னைப் பார்த்தா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இந்த நாட்டில் யுத்தம் வராமலே யுத்தத்தின் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அவசரத்துக்கென்று நாடு சேமிக்கிற பட்டியலில் கோப்பிக் கொட்டையும் உண்டு. கோப்பி உயிர்வாழ அவசியமில்லை, நிறுத்தலாம் என்று 2019இல் அரசாங்கம் யோசித்தபோது எழுந்த எதிர்ப்பில் யோசனையைக் கைவிட்டது. வீட்டிலும் சில நாட்களுக்கு உணவும் தண்ணீரும் வைத்திருங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. 2022இல் உக்ரைன் யுத்தம் தொடங்க, தன் பங்கர் எங்கே என்று தெரியாமல் இருந்தவர்கள் எல்லாம் கேட்டு விசாரித்தார்கள். எங்கள் கட்டிடத்திலும் வைன் போத்தல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கின.

அம்மாவுக்கு அது போதும். இவ்வளவு காலமும் மகன் விடவில்லை. இப்போது அரசாங்கமே சொல்கிறது. எங்களுக்குரிய தடுப்பில் அரிசி, வறுத்த மா, பருப்பு, ஒடியல், நெருப்புப்பெட்டி எல்லாம் இறங்கின. கூடவே ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்த பாரைக் கருவாடு, மூன்று மடிப்புப் பொலித்தீனில்.

இரண்டாம் கிழமை கதவில் ஒரு கடிதம். மிகவும் மரியாதையான கடிதம். நிலவறையில் இருந்து வரும் மணம் குறித்து அயலவர்கள் முறையிட்டிருக்கிறார்கள், தயவுசெய்து உணவுப்பொருளை அகற்றவும். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அரசாங்கம் சேமிக்கச் சொன்னது. நாங்கள் சாப்பிடுகிறதைத்தானே நாங்கள் சேமிக்கலாம்? அவர்களுடைய பாற்கட்டி மணத்துக்கு இந்தக் கட்டிடத்தில் யாரும் கடிதம் எழுதவில்லையே. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டு, கருவாட்டைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினேன்.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "நல்லா இறுக்கி ஒட்டாத. சண்டை வந்து ஒரு கிழமை உள்ளுக்குள்ள கிடந்தினமெண்டா, கடிதம் எழுதினவைதான் முதல் ஆளா வந்து கேப்பினம்."