நிப்பிள் கீழே பார்த்தால்

பெங்களூர் அல்சூரில் ஒரு சின்ன கார் ஒர்க்ஷாப்பில் சேர்ந்த புதிதில் எனக்கு பிரேக் வேலை என்றால் பேடு (வீலோடு சுற்றும் டிஸ்க்கை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றுவதுதான். பழசைக் கழற்று, பிஸ்டனை உள்ளே தள்ளு, புதுசைப் போடு, அடுத்த வண்டி.

அப்படி இருந்தபோது மடிவாளாவிலிருந்து ஒருவர் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, ஆறு மாசத்துல ரெண்டாவது செட் பேடு. சில்க் போர்டு நெரிசல்ல நின்னா லெஃப்ட் வீல்ல கருகுற வாசனை வருது" என்றார். வீலைக் கழற்றினால் உள் பேடு இரும்பு தெரியத் தேய்ந்து கிடக்கிறது, வெளிப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம். பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பாகம்தான் காலிப்பர். இந்த வகை காலிப்பரில், பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான்; அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது காலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடையும் அழுத்த வேண்டும். இங்கே ஒரு பின் துருவேறி அசையவே இல்லை. யாரும் அதைத் தொட்டுப் பார்க்காமலே பேடை மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள் (நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்).

பிஸ்டனின் ரப்பர் உறையும் கிழிந்திருந்தது. எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, பிரேக் ஆயில் ஹோஸ் மாட்டும் ஓட்டை வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். விரலை மட்டும் நடுவில் வைக்கக்கூடாது, பிஸ்டன் குண்டு மாதிரி வரும். வெளியே வந்த பிஸ்டனில் குரோம் குழி விழுந்திருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, புதுசுதான். காலிப்பரின் உள் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை, தப்பித்தது. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்குப் பழைய பிஸ்டனைக் கையோடு எடுத்துப்போய் அளந்து வாங்கினேன்.

என்னை அசத்தியது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு சீல் என்ற ரப்பர் வளையம்தான். ஆயில் கசியாமல் பிடிப்பது அதன் பாதி வேலை. பிரேக்கை அழுத்தும்போது பிஸ்டனோடு வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து, பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுப்பதும் அதுதான். இதற்கென்று ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் கெட்டியாகிவிட்டால் பேடு டிஸ்க்கை விடாது, அப்புறம் கருகல் வாசனை வராமல் என்ன செய்யும்? புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டேன். பெட்ரோலோ சாதா கிரீஸோ பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். பின்களுக்கு சிலிகான் கிரீஸ்.

ஒரு பக்கம் போன பிறகு இன்னொன்றை விட்டுவைக்கவா என்று வலது காலிப்பரையும் பிரித்தேன். எல்லாம் மாட்டி பிளீட் பண்ணினால், அதாவது காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்ற சின்ன திருகைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியேற்றினால், பெடல் பஞ்சு மாதிரி போகிறது. ஒரு லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் தீர்ந்தது, பெடல் ஏறவில்லை. மேஸ்திரி வந்தார், பெடலைத் தொடவே இல்லை, குனிந்து வீலைப் பார்த்தார். "நிப்பிள் ஏன்டா கீழ பாக்குது? காத்து மேலதானே போகும்?"

இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். மாற்றி மாட்டியதும் பத்து நிமிஷத்தில் பெடல் கல்லு மாதிரி ஆனது.

அன்றிலிருந்து கழற்றியதும் சாக்பீஸில் 'இ', 'வ' என்று எழுதிவிடுவேன். கூட வேலை செய்யும் கன்னடப் பையனுக்கு இது புரியவில்லை, அவனுக்கு இடது 'எட', வலது 'பல'. இப்போது இடது காலிப்பரில் ஒரு துண்டு கம்பியைச் சுற்றிவிடுகிறோம்.